மலை வீட்டில் ஆம்ப்ளிபையர்: முதல்முறை இணைப்பவர்களுக்கு

பழனி மலைப் பக்கம் ஒரு வீட்டுக்குள் ஆம்ப்ளிபையர் வந்து சேர மூன்று வழி உண்டு. திண்டுக்கல்லோ மதுரையோ இறங்கிப் போய்ப் புதிதாக வாங்குவது ஒன்று. ரேடியோ மெக்கானிக்கிடம் சொல்லி, போர்டும் டிரான்ஸ்பார்மரும் போட்டு அசெம்பிள் செய்து வாங்குவது இன்னொன்று. மூன்றாவது, வீட்டைக் காலி செய்துகொண்டு போகிறவர்களிடமிருந்து கைமாறி வரும் பழைய செட். எப்படி வந்தாலும், பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்ததும் கை தயங்கும். இத்தனை துளைகள், இத்தனை பெயர்கள்! நிதானமாகப் பார்த்தால் அங்கே இருப்பது மூன்றே கூட்டம்தான்: பாட்டு உள்ளே வரும் துளைகள், ஸ்பீக்கருக்குப் போகும் முனைகள், கரண்ட் ஒயர். முதல் இரண்டையும் முழுதாக முடித்துவிட்டு கரண்டைக் கடைசியாகத் தொடுவதுதான் முறை. எவ்வளவு அவசரமாக இருந்தாலும் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

இங்கே எழுதியிருப்பது இரண்டு ஸ்பீக்கர் வைக்கும் ஸ்டீரியோ செட்டுக்கு. ஐந்து ஸ்பீக்கரும் பேஸுக்கென்று ஒரு சப் ஊபரும் உள்ள 5.1 செட்டுக்கும் அடிப்படை இதுதான். ஒயர்களின் எண்ணிக்கை கூடும், அவ்வளவே.

முதலில் பின்பக்கத்தைப் படியுங்கள்

கரண்ட் ஒயர் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் வோல்ட் அளவு எழுதியிருக்கும். நம் நாட்டில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். '230' என்றோ '220–240' என்றோ இருந்தால் கவலையில்லை. '120' என்றோ '100' என்றோ மட்டும் இருந்தால் அது அமெரிக்காவுக்கோ ஜப்பானுக்கோ செய்த பெட்டி. அதை நேரே செருகினால் அந்த நொடியே பியூஸ் போகும். டிரான்ஸ்பார்மரும் கூடவே போகலாம். கொடைக்கானல்காரர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 1845-இல் அமெரிக்க மிஷனரிகள் குடியேறியதிலிருந்து வெளிநாட்டவர் வந்து போகும் ஊர் இது. 1901-இல் தொடங்கிய பன்னாட்டுப் பள்ளி இன்றும் நடக்கிறது. அவர்கள் கொண்டுவந்த ரிசீவரும் ரெக்கார்டு பிளேயரும் எந்த வீட்டுப் பரணில் இருந்து எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது.

அப்படிப்பட்ட பெட்டியில் வோல்டேஜ் மாற்றும் சுவிட்ச் பின்னால் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் 220 அல்லது 240-க்குத் திருப்பிவிட்டுத்தான் பிளக்கைத் தொட வேண்டும். இல்லையென்றால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்குங்கள். பெட்டியில் போட்டிருக்கும் வாட் அளவைப்போல ஒன்றரை மடங்காவது அது தாங்க வேண்டும். ரெக்கார்டு பிளேயரில் இன்னொரு சிக்கலும் உண்டு. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த பழைய மோட்டார் நம் 50 ஹெர்ட்ஸில் மெதுவாகச் சுற்றும். நிமிடத்துக்கு 33 சுற்றுப் போக வேண்டிய தட்டு 28 சுற்றுக்கும் குறைவாகப் போகும், பாடகர் குரல் கனத்துவிடும். ஸ்டெப் டவுன் வோல்டேஜைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. வாங்கும் முன் ஓடவிட்டுக் கேட்டுவிடுங்கள்.

வாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அட்டைப்பெட்டியில் ஆயிரக்கணக்கில் போட்டிருக்கும் பி.எம்.பி.ஓ. வாட்டை (விளம்பரத்துக்காக ஊதிக் காட்டும் கணக்கு) நம்பாதீர்கள், ஆர்.எம்.எஸ். வாட் (தொடர்ந்து தரக்கூடிய அளவு) என்ன என்று கேளுங்கள். 100 வாட் ஆம்ப்ளிபையர் 50 வாட்டைவிட இருமடங்கு சத்தமாகக் கேட்காது. வித்தியாசம் 3 டெசிபல்தான், காதுக்குக் கொஞ்சம் கூடினாற்போல இருக்கும். மலை வீட்டு அறைகள் குளிருக்காகச் சின்னதாகவே கட்டப்பட்டவை. ஒரு பக்கத்துக்கு 20, 30 வாட் நேர்மையாகத் தரும் ஆம்ப்ளிபையர் நம் அறைக்குத் தாராளம்.

ஒயர் வாங்குவது

ஸ்பீக்கர் ஒயருக்கு விசேஷக் கடை தேட வேண்டாம். எலக்ட்ரிக்கல் கடையில் சிவப்பு கறுப்பு இரட்டை ஒயர், 1.5 சதுர மில்லிமீட்டர், முழுச் செம்பு என்று கேளுங்கள். செம்பு பூசிய அலுமினிய ஒயர் விலை குறைவு. கத்தியால் ஒரு இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அது எளிதில் ஒடியும், தடையும் அதிகம். 1.5 ஒயர் பத்து மீட்டர் ஓடினால், போக வர சேர்த்துத் தடை கால் ஓமுக்குச் சற்றுக் குறைவு. 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. 4 ஓம் ஸ்பீக்கர் என்றாலோ, ஒயர் நீளமாகச் சுவர் சுற்றிப் போகிறது என்றாலோ 2.5 வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் விலை கொடுப்பது வீண்.

இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒயர் ஏறக்குறைய ஒரே நீளமாக இருக்கட்டும். இரண்டு பக்கமும் ஒரு முழம் கூடுதலாக விட்டு வெட்டுங்கள். கரண்ட் ஒயரோடு சேர்த்துக் கட்டாமல் தனியாகக் கொண்டுபோங்கள்.

கடைசி அரை அங்குலம்

நான் பார்த்த வரையில், இணைக்கும்போதே பழுதான செட்டுகளில் பெரும்பாலானவற்றின் தவறு ஒயரின் நுனியில்தான் இருந்தது. ஆகவே இங்கே நேரம் செலவழியுங்கள்.

நுனியில் இருந்து சுமார் ஒரு சென்டிமீட்டர் அளவு மேலுறையைச் சீவுங்கள். பல்லால் கடித்து இழுக்காதீர்கள், இழைகள் அறுந்துபோகும். பிளேடை மேலுறையைச் சுற்றி லேசாக ஓட்டி, செம்பைத் தொடும் முன்பே நிறுத்தி, மீதியை விரலால் திருகி இழுத்தால் உறை முழுசாகக் கழன்று வரும். வெளியே வந்த இழைகளை வலப்பக்கமாக முறுக்குங்கள். திருகு மூடியை இறுக்கும் திசையும் அதுவே, அதனால் இறுக்கும்போது முறுக்குப் பிரியாது. முறுக்கிய பின் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தலைமுடி போல ஒரு இழை தனியே நீட்டிக்கொண்டிருந்தால் அதையும் சேர்த்து முறுக்குங்கள், இல்லையென்றால் வெட்டிவிடுங்கள். அந்த ஒற்றை இழை பக்கத்து முனையைத் தொட்டால் ஷார்ட். பாதுகாப்பு சர்க்யூட் உள்ள கம்பெனிப் பெட்டி அணைந்துகொள்ளும். அசெம்பிள் செட்டில் பல சமயம் அது இருக்காது. அவுட்புட் டிரான்சிஸ்டர் நேராகப் போய்விடும்.

ஸ்பிரிங் கிளிப்பாக இருந்தால், நெம்புகோலை அழுத்தி, செம்பு மட்டும் உள்ளே போகும்படி செருகி விடுங்கள். ரப்பரோடு சேர்ந்து கவ்வினால் சத்தம் விட்டுவிட்டு வரும். திருகு முனையாக இருந்தால், மூடியைத் தளர்த்தியதும் தண்டில் குறுக்காக ஒரு துளை தெரியும். அதில் ஒயரைச் செருகி விரலால் இறுக்குங்கள். இடுக்கி வேண்டாம். பனானா பின் போட்டால் கழற்றி மாட்டுவது சுலபம், ஆனால் அது கட்டாயமில்லை. இறுக்கிய பின் ஒயரை மெல்ல இழுத்துப் பாருங்கள். நான்கு முனையிலும் இழுத்துப் பார்த்த பிறகே அடுத்த வேலை.

சிவப்பும் கறுப்பும்

ஆம்ப்ளிபையரின் இடது பக்கச் சிவப்பு முனை இடது ஸ்பீக்கரின் சிவப்புக்கு, கறுப்பு கறுப்புக்கு. வலதும் அப்படியே. இங்கே இடது, வலது என்பது ஸ்பீக்கரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் உங்களுடைய இடது, வலது.

ஒரு ஸ்பீக்கரில் மட்டும் நிறம் மாறிவிட்டால் எதுவும் எரியாது. ஆனால் ஒன்றின் கூம்பு முன்னால் வரும்போது மற்றொன்று பின்னால் போகும். பேஸ் காணாமல் போய்விடும், நடுவில் நிற்க வேண்டிய குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. 'புது செட், ஆனா பேஸே இல்லைங்க' என்று யாராவது சொன்னால் முதலில் இதைத்தான் பாருங்கள்.

நிறமோ குறியோ இல்லாத பழைய ஸ்பீக்கருக்கு ஒரு பென்சில் பேட்டரி போதும். ஒயரை ஆம்ப்ளிபையரில் இருந்து முழுதாகக் கழற்றிவிட்டு, முன் வலையை எடுத்துவிட்டு, 1.5 வோல்ட் பேட்டரியின் இரண்டு முனையிலும் இரண்டு ஒயரையும் ஒரு நொடி தொட்டு எடுங்கள். 'டப்' என்று கேட்கும், கூம்பு அசையும். அது முன்னால் வந்தால் பேட்டரியின் பிளஸைத் தொட்ட ஒயர்தான் சிவப்பு. உள்ளே போனால் மாற்றி. அதில் ஒரு துண்டுச் சிவப்பு டேப்பைச் சுற்றிவிடுங்கள்.

இரண்டு ஸ்பீக்கரின் கறுப்பையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே ஒயரில் கொண்டுவரும் சிக்கனம் வேண்டவே வேண்டாம். இன்றைய சின்ன டிஜிட்டல் ஆம்ப்ளிபையர்கள் பலவற்றில் கறுப்பு முனையிலும் சிக்னல் இருக்கும். சேர்த்தால் போர்டு போய்விடும்.

எத்தனை ஓம், எத்தனை ஸ்பீக்கர்

ஸ்பீக்கரின் பின்னால் 4, 6, 8 ஓம் என்று ஏதாவது ஒன்று இருக்கும். ஆம்ப்ளிபையரில் '4–16 ஓம்' அல்லது '8 ஓம்' என்று குறைந்தபட்ச அளவு போட்டிருக்கும். ஸ்பீக்கர் அந்தக் குறைந்தபட்சத்துக்குக் கீழே போகக் கூடாது. மேலே போனால் சத்தம் கொஞ்சம் குறையும், கெடுதல் ஒன்றுமில்லை. சமையலறைக்கும் ஒரு ஸ்பீக்கர் கொடுக்கலாம் என்று ஒரே முனையில் இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் மொத்தம் 4 ஓம் ஆகிவிடும். ஆம்ப்ளிபையர் 4 ஓம் தாங்குமா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

கோயில் திருவிழாவுக்குக் கட்டும் குழாய் ஸ்பீக்கர் பெரும்பாலும் 100 வோல்ட் லைனில் ஓடும் வேறு வகை. உள்ளேயே டிரான்ஸ்பார்மர் இருக்கும். அதை வீட்டு ஆம்ப்ளிபையரில் மாட்டினால் ஈனமாகத்தான் கேட்கும். வீட்டு ஸ்பீக்கரை மைக் செட் ஆம்ப்ளிபையரின் 100 வோல்ட் முனையில் மாட்டினால் அதோடு அந்த ஸ்பீக்கரை மறந்துவிட வேண்டியதுதான்.

பாட்டு வரும் வழிகள்

சிவப்பு வெள்ளை ஜோடித் துளைகள்தான் ஆர்.சி.ஏ. சாக்கெட். சிவப்பு வலது, வெள்ளை இடது. பழைய செட்டில் வெள்ளைக்குப் பதில் கறுப்பு இருக்கும். மேலே ஆக்ஸ், சி.டி., டியூனர், டேப் என்று எழுதியிருந்தாலும் உள்ளே எல்லாம் ஒன்றுதான். டிவியை சி.டி. சாக்கெட்டில் மாட்டலாம், ஒன்றும் ஆகாது. விதிவிலக்கு இரண்டு.

ஒன்று, போனோ. ரெக்கார்டு பிளேயரின் ஊசி தரும் சிக்னல் 3 முதல் 5 மில்லிவோல்ட், சி.டி. பிளேயர் தருவது சுமார் 2 வோல்ட். நானூறு முதல் அறுநூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். அதனால் போனோவுக்குள் மட்டும் தனியாக ஒரு முன்பெருக்கி இருக்கும். டிவியைப் போனோவில் மாட்டினால் சத்தம் கிழியும். ரெக்கார்டு பிளேயரை ஆக்ஸில் மாட்டினால் கொசு பாடுவது போலக் கேட்கும். புதிய பிளேயர்கள் சிலவற்றின் பின்னால் 'போனோ / லைன்' என்று சுவிட்ச் இருக்கும்; லைனில் வைத்தால் ஆக்ஸில் மாட்டலாம். ரெக்கார்டு பிளேயரில் இருந்து மெல்லிய ஒயர் ஒன்று தனியாக வரும். அதை ஆம்ப்ளிபையரில் 'கிரவுண்ட்' என்று போட்ட திருகில் மாட்டுங்கள். விட்டுவிட்டால் 'உம்ம்' என்ற இரைச்சல் நிற்காது.

இரண்டாவது விதிவிலக்கு, 'அவுட்' என்று முடியும் சாக்கெட்டுகள். ரெக் அவுட், டேப் அவுட், ப்ரீ அவுட் எல்லாம் வெளியே போகும் வழி. அங்கே டிவியை மாட்டிவிட்டுச் சத்தம் வரவில்லை என்று உட்கார்ந்திருப்பது அடிக்கடி நடக்கிறது. சப் ஊபர் இருந்தால் அதற்கான 'சப் அவுட்' இந்தக் கூட்டத்தில்தான் இருக்கும். எந்த அளவுக்குக் கீழுள்ள ஒலி சப் ஊபருக்குப் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் கிராஸ் ஓவர் குமிழை 80 ஹெர்ட்ஸில் வைத்துத் தொடங்கலாம்.

போனுக்கு, ஒரு முனையில் 3.5 மில்லிமீட்டர் பின்னும் மறுமுனையில் இரண்டு ஆர்.சி.ஏ.யும் உள்ள கேபிள் போதும். ஹெட்போன் துளை இல்லாத போன் என்றால் டைப் சி-யில் இருந்து மாற்றும் சின்னத் துண்டு ஒன்று வேண்டும், அல்லது புளூடூத். எதுவானாலும் போனின் வால்யூமை முக்கால் பங்குக்கு மேல் வைத்து, சத்தத்தை ஆம்ப்ளிபையரில் கூட்டிக் குறையுங்கள். போனில் குறைத்து ஆம்ப்ளிபையரில் ஏற்றினால் இரைச்சலும் சேர்ந்து ஏறும்.

செட் டாப் பாக்ஸில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை மூன்றும் இருந்தால் மஞ்சளை விட்டுவிடுங்கள், அது படத்துக்கு. டிவியில் இருந்து எடுக்கும்போது, ஆம்ப்ளிபையரில் ஆப்டிகல் துளை (சிக்னலை ஒளியாக வாங்குவது) இருந்தால் அதையே தேர்ந்தெடுப்பேன். கேபிளின் இரண்டு முனையிலும் மூடி இருக்கும், கழற்றுங்கள். துளையின் வடிவம் பார்த்துச் செருகினால் 'கிளிக்' என்று உட்காரும். டிவியைப் போட்டதும் மறுமுனையில் சிவப்பு வெளிச்சம் தெரியும். வெளிச்சம் இருந்தும் சத்தம் வராவிட்டால் டிவியின் செட்டிங்கில் போய் டிஜிட்டல் ஆடியோவை 'பி.சி.எம்.' (சுருக்காத சாதாரண டிஜிட்டல் ஒலி) என்று மாற்றுங்கள். ஸ்டீரியோ ஆம்ப்ளிபையர்கள் பலவற்றுக்கு டால்பி சிக்னல் புரியாது. எச்.டி.எம்.ஐ. வழியாகக் கொடுப்பதாக இருந்தால், டிவியிலும் ஆம்ப்ளிபையரிலும் 'ஏ.ஆர்.சி.' (டிவியின் சத்தத்தை ஆம்ப்ளிபையருக்குத் திருப்பி அனுப்பும் வழி) என்று எழுதிய துளையில்தான் மாட்ட வேண்டும்.

ரேடியோவையும் விடாதீர்கள். கொடைக்கானல் பண்பலை 100.5 மெகாஹெர்ட்ஸ், மதுரை, தேனி, திண்டுக்கல் என்று கீழ்நாடு முழுக்கக் கேட்கும் நிலையம் நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. டியூனரின் ஏரியல் துளையில் 75 சென்டிமீட்டர் ஒயர் ஒன்றைச் செருகி நேராகத் தொங்கவிட்டால் அந்த அலைவரிசைக்குக் கால் அலை நீளம் சரியாக அமையும். டவருக்கு மிகப் பக்கத்து வீடு என்றால் சிக்னல் அதிகமாகிக் கரகரக்கலாம். ஒயரை இன்னும் குறுக்குங்கள். மலை மறைக்கும் பள்ளத்து வீடு என்றால் ஒயரை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பாருங்கள்.

இப்போது கரண்ட்

வால்யூம் குமிழ் முழுதாக இடப்பக்கம், பூஜ்யத்தில். பேஸ், டிரெபிள் நடுவில். முதலில் டிவியையோ போனையோ போட்டுப் பாட்டை ஓடவிடுங்கள், அதற்குப் பிறகு ஆம்ப்ளிபையர். போட்டதும் சில நொடி கழித்து உள்ளே 'டக்' என்று ஒரு ரிலே சத்தம் கேட்கலாம். ஸ்பீக்கரை இணைக்கிறது என்று அர்த்தம். அந்த 'டக்' வழக்கமாக வரும் பெட்டியில் வராமல் சிவப்பு விளக்கு மின்னினால், உடனே அணைத்து ஒயர் முனைகளைப் பாருங்கள். ஸ்பீக்கரில் பாட்டு இல்லாமல் பெரிதாக 'பூம்' என்று வந்து கூம்பு ஒரு பக்கமாகத் தள்ளி நின்றாலும் அணைத்துவிடுங்கள். அது ஸ்பீக்கரை எரித்துவிடும், மெக்கானிக் பார்க்க வேண்டிய பழுது.

எல்லாம் சரி என்றால் வால்யூமை மெல்ல ஏற்றுங்கள். பேலன்ஸ் குமிழை இடது முழுக்கத் திருப்பி, இடது ஸ்பீக்கர்தான் பாடுகிறதா என்று பாருங்கள். அணைக்கும்போது முதலில் ஆம்ப்ளிபையர், பிறகு மற்றவை. சத்தம் கிழிய ஆரம்பிக்கும் இடத்துக்கு முன்பே குமிழை நிறுத்திக்கொள்ளுங்கள். சின்ன ஆம்ப்ளிபையரை அதன் எல்லைக்கு மேல் விரட்டினால் முதலில் கருகுவது டுவீட்டர், அதாவது கீச்சு ஒலி தரும் சின்ன ஸ்பீக்கர்.

இரைச்சல் வந்தால்

'உம்ம்' என்ற இரைச்சலுக்கு மூலம் கண்டுபிடிக்க, ஆம்ப்ளிபையரை அணைத்து ஆர்.சி.ஏ. கேபிள்கள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். கேபிள் எதுவும் மாட்டாமல் ஆம்ப்ளிபையரை மறுபடி போடுங்கள். அமைதியாக இருந்தால் ஆம்ப்ளிபையர் நல்லது. ஒவ்வொன்றாக மாட்டி வாருங்கள். எதை மாட்டியதும் இரைச்சல் வருகிறதோ அதுதான் ஆள். பல வீடுகளில் அது கேபிள் டிவி ஒயர் மாட்டிய பெட்டியாக இருக்கும். அந்த ஒயர் வழியாக ஒரு எர்த்தும், பிளக் வழியாக இன்னொரு எர்த்தும் சேர்ந்து வளையமாகிவிடும். கேபிள் டிவி ஒயரைக் கழற்றியதும் இரைச்சல் நின்றால் உறுதி. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகிப் பாருங்கள். ஆப்டிகலுக்கு மாறினால் அடியோடு போய்விடும், ஏனென்றால் அதில் செம்பே இல்லை. லேப்டாப் என்றால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். இல்லாவிட்டால் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்ற சின்னப் பெட்டி கிடைக்கிறது, ஆர்.சி.ஏ. கேபிளின் நடுவில் மாட்டுவது.

மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைத்தால் இரைச்சல் நிற்கும் என்று சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பெட்டிக்குள் ஒரு ஒயர் பழுதாகி உடலைத் தொட்டால், ஈரத் தரையில் நின்று அதைத் தொடுபவரைக் காப்பது அந்த ஒரு பின்தான். பாறை நிலத்தில் எர்த் குழி சரியாக அமைவதே கஷ்டம். பழைய வீடாக இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒருமுறை எர்த்தைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஓடும்போது மட்டும் இரைச்சல் என்றால், அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்கும். சைன் வேவ் இன்வெர்ட்டரில் வராது.

மலைக்கென்று சில

'இங்கே இருக்கிற குளிருக்கு ஆம்ப்ளிபையர் எங்கே சூடாகப் போகுது' என்று மேலே பூவேலைத் துணி போர்த்தி வைப்பார்கள். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சூட்டை இழுத்துப் போவது அந்தக் காற்றுதான். மேலே பத்து சென்டிமீட்டராவது காலியாக விடுங்கள். துணி போர்த்துவது அணைத்து ஆறிய பிறகு.

பழைய வீடுகளின் பலகைத் தரை ஸ்பீக்கரோடு சேர்ந்து அதிர்ந்து பேஸைக் குழப்பும். ஸ்பீக்கருக்கு அடியில் ஒரு கடப்பாக்கல், அதற்குக் கீழே நான்கு ரப்பர் துண்டு வைத்தால் குரல் தெளியும். வெளிச்சுவரில் ஈரம் ஊறும் என்பதால் ஸ்பீக்கரை ஒட்டி வைக்காமல் ஓர் அடி தள்ளி வையுங்கள். காகிதக் கூம்பில் பூஞ்சை பிடிக்கும். ஐப்பசி கார்த்திகையில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து போகும் நாட்களில், கேட்க நேரமில்லாவிட்டாலும் தினமும் சிறிது நேரம் ஆம்ப்ளிபையரை ஓடவிடுங்கள். உள்ளிருக்கும் சூடே ஈரத்தை விரட்டும்.

இடி மின்னல் சித்திரை, வைகாசிக் கோடை மழையிலும் வரும், ஐப்பசியிலும் வரும். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்க வேண்டும். அதோடு கேபிள் டிவி ஒயரையும், மொட்டை மாடியில் இருந்து வரும் டிஷ் ஒயரையும், வெளி ஏரியல் இருந்தால் அதையும் கழற்றுங்கள். மின்னல் கரண்ட் கம்பியில் மட்டும் வருவதில்லை. இடி கேட்கத் தொடங்கிய பிறகு போய் ஒயரைத் தொட வேண்டாம்; வானம் கறுக்கும்போதே செய்துவிடுங்கள்.

தை பிறந்து மழை ஓய்ந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கர் முனைகளை ஒருமுறை கழற்றிப் பாருங்கள். செம்பு பளபளப்பாக இருந்தால் மறுபடி இறுக்கினால் போதும். கறுத்திருந்தாலோ பச்சை பூத்திருந்தாலோ ஒரு அங்குலம் வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவி முறுக்குங்கள். ஆர்.சி.ஏ. பின்களைச் சாக்கெட்டுக்குள்ளேயே இரண்டு மூன்று முறை திருகி எடுத்து மாட்டினால் படிந்த அழுக்கு விலகும். அதற்கும் போகாத கரகரப்புக்கு எலக்ட்ரானிக்ஸ் கடையில் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே கேளுங்கள். அடித்த பிறகு அரை மணி நேரம் காயவிட்டுத்தான் பிளக்கைச் செருக வேண்டும்.